மன்னர் மானியம்: ஒரு வாக்குறுதியின் தோற்றமும் முடிவும்

அடிமைப்பட்டிருந்த ஒரு நாடு விடுதலை பெறும்போது ஆட்சி அந்நியரிடமிருந்து மக்களின் பிரதிநிதிகளுக்கு மாறுகிறது. ஆனால் அந்நியருக்கும் மக்களுக்கும் இடையில் பிறப்புரிமையால் ஆட்சி செய்துவந்த மன்னர்கள் இருந்தால், அவர்கள் நிலை என்னவாகும்? அவர்களைத் துரத்துவதா, அரியணையில் தொடர விடுவதா, ஈடு கொடுத்து விலகச் செய்வதா? இருபதாம் நூற்றாண்டில் விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றை இக்கேள்வி எதிர்நோக்கியது. இந்தியாவில் அது மிகப் பெரிய அளவில் எழுந்தது. 1947-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 560 சுதேச சமஸ்தானங்கள் இருந்தன. நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கும், மக்கள் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும் அவற்றில் அடங்கியிருந்தன.

இந்தியா கண்ட விடை மூன்றாவது வகையைச் சேர்ந்தது. மன்னர்கள் ஆட்சியுரிமையைக் கைவிட்டனர். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் மானியமும் சில தனிச் சலுகைகளும் அவர்களுக்கு உறுதியளிக்கப்பட்டன. அந்த உறுதிமொழி அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் அது நீக்கவும்பட்டது. கொடுத்த வாக்கு பெரிதா, குடிமக்களின் சமத்துவம் பெரிதா என்ற கடினமான கேள்வி இவ்வரலாற்றின் நடுவில் நிற்கிறது. ஒரு வாக்குறுதியை முடிவுக்குக் கொண்டுவர அரசு எவ்வழியில் செல்ல வேண்டும் என்ற மற்றொரு கேள்வியும் அதனுடன் இணைந்தே எழுந்தது.

மேலாதிக்கத்தின் மறைவு

சமஸ்தானங்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதிகளாக இருக்கவில்லை. அவற்றின் மன்னர்கள் பிரிட்டிஷ் முடியரசுடன் உடன்படிக்கைகளாலும் வழக்காறுகளாலும் பிணைக்கப்பட்டிருந்தனர். பாதுகாப்பும் வெளியுறவும் முடியரசின் பொறுப்பு. உள்நாட்டு ஆட்சி மன்னரின் பொறுப்பு. எனினும் வாரிசு உரிமை, திறனற்ற ஆட்சி போன்றவற்றில் தலையிடும் அதிகாரம் முடியரசிடமே இருந்தது. இந்த உறவுக்கு ‘மேலாதிக்கம்’ என்று பெயர்.

மேலாதிக்கம் புதிய அரசுகள் எதற்கும் மாற்றித் தரப்பட மாட்டாது என்பதை அமைச்சரவைத் தூதுக்குழு 1946 மே மாதத்திலேயே தெரிவித்திருந்தது. 1947-ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டத்தின் ஏழாவது பிரிவு இதனைச் சட்டமாக்கியது. ஆகஸ்ட் 15-ஆம் நாள் மேலாதிக்கம் காலாவதியாகிவிடும். அத்துடன் பழைய உடன்படிக்கைகளும் மறையும். அதன் பின் ஒவ்வொரு சமஸ்தானமும் சட்டத்தின் கண்ணில் தனித்து நிற்கும். சில மன்னர்கள் இதைத் தங்களுக்குக் கிடைத்த முழு விடுதலையாகவே கருதினர். 1947 ஜூன் மாதத்தில் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கப்போவதாக அறிவித்தது. ஹைதராபாதும் அத்தகைய எண்ணத்தையே வெளியிட்டது.

இதன் பொருளாதார விளைவுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரயில் பாதைகள், அஞ்சல், தந்தி, ஆற்று நீர், உணவு தானியப் போக்குவரத்து ஆகியவை சமஸ்தான எல்லைகளைக் கடந்தே செயல்பட்டன. கத்தியவார் தீபகற்பத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களும் எஸ்டேட்டுகளும் இருந்தன. ஒருவருடைய எல்லைக்குள் மற்றொருவருடைய கிராமங்கள் சிதறிக் கிடந்தன; எல்லைதோறும் சுங்கம் வசூலிக்கப்பட்டது. இத்தகைய நிலப்பரப்பில் எந்த வளர்ச்சித் திட்டத்தையும் வகுத்துச் செயல்படுத்துவது இயலாத காரியம்.

இணைப்பும் ஒருங்கிணைப்பும்

1947 ஜூலை 5-ஆம் நாள் சமஸ்தானங்களுக்கான தனி இலாகா செயல்படத் தொடங்கியது. சர்தார் வல்லபபாய் படேல் அதன் பொறுப்பை ஏற்றார், வி. பி. மேனன் செயலாளரானார். பாதுகாப்பு, வெளியுறவு, செய்திப் போக்குவரத்து ஆகிய மூன்று துறைகளில் மட்டும் இந்திய டொமினியனுடன் இணையுமாறு மன்னர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். இம்மூன்றும் ஏற்கெனவே அவர்கள் கையில் இல்லாதவை. எனவே புதிதாக எதையும் இழக்கச் சொல்லவில்லை என்று எடுத்துரைக்க முடிந்தது. ஜூலை 25-ஆம் நாள் மவுண்ட்பேட்டன் பிரபு மன்னர் மன்றத்தில் பேசி, காலக்கெடு நெருங்குவதை வலியுறுத்தினார். ஆகஸ்ட் 15-க்குள் பெரும்பாலான சமஸ்தானங்கள் இணைப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டன.

ஜுனாகட், காஷ்மீர், ஹைதராபாத் ஆகிய மூன்றும் இவ்வழியில் வரவில்லை. ஜுனாகட்டின் நவாப் பாகிஸ்தானுடன் இணைந்து பின்னர் அங்கேயே சென்றார். 1948 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் இந்தியாவுடன் இணைய ஒப்புதல் தந்தனர். காஷ்மீர் மகாராஜா 1947 அக்டோபர் 26-ஆம் நாள் இணைப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டார். ஹைதராபாத் 1948 செப்டம்பர் மாதத்தில் இராணுவ நடவடிக்கைக்குப் பின் இந்தியாவின் பகுதியாயிற்று.

இணைப்பு முதற்படி மட்டுமே. மூன்று துறைகள் நீங்கலாக ஆட்சி இன்னும் மன்னர்களிடமே இருந்தது. பல சமஸ்தானங்களில் பிரஜா மண்டலங்கள் பொறுப்பாட்சி கோரிப் போராடிக் கொண்டிருந்தன. சிறிய சமஸ்தானங்களால் பள்ளி, மருத்துவமனை, காவல் துறை ஆகியவற்றைத் தாங்க இயலவில்லை. ஆகவே ஒருங்கிணைப்பு என்ற இரண்டாம் கட்டம் தொடங்கியது. 1947 டிசம்பரில் ஒரிஸ்ஸா, சத்தீஸ்கர் பகுதி மன்னர்கள் தங்கள் ஆட்சியை முழுவதும் ஒப்படைக்கும் உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டனர். அடுத்து வந்த மாதங்களில் மேற்கு இந்தியாவின் சமஸ்தானங்கள் பம்பாய் மாகாணத்திலும், புதுக்கோட்டை 1948 மார்ச் 3-ஆம் நாள் சென்னை மாகாணத்திலும் சேர்ந்தன. பிற பகுதிகளில் பல சமஸ்தானங்கள் ஒன்று சேர்க்கப்பட்டு சௌராஷ்டிரம், மத்திய பாரதம், பெப்சு, ராஜஸ்தான், திருவிதாங்கூர்-கொச்சி போன்ற ஒன்றியங்கள் அமைந்தன. மத்திய அரசின் வெள்ளை அறிக்கைக் கணக்கின்படி 216 சமஸ்தானங்கள் மாகாணங்களில் கலந்தன. 61 சமஸ்தானங்கள் மத்திய ஆட்சிப் பகுதிகளாயின. 275 சமஸ்தானங்கள் ஒன்றியங்களில் சேர்ந்தன.

மானியம் கணக்கிடப்பட்ட முறை

ஆட்சியை ஒப்படைக்கும் மன்னர் தம் குடும்பம், பணியாளர்கள், சடங்குகள், அரண்மனைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு எதை நம்பியிருப்பார்? பழைய ஆட்சியில் சமஸ்தானக் கருவூலத்துக்கும் மன்னரின் சொந்தப் பணப்பெட்டிக்கும் இடையில் தெளிவான கோடு பல இடங்களில் இருக்கவில்லை. புதிய ஏற்பாடு அந்தக் கோட்டை முதன்முதலாக வரைந்தது. அரசின் சொத்து எது, மன்னரின் சொந்தச் சொத்து எது என்று பட்டியல் தயாரிக்கப்பட்டது. மன்னருக்கென ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரையறுக்கப்பட்டது. இதுவே மன்னர் மானியம் எனப்பட்டது.

ஒரிஸ்ஸா, சத்தீஸ்கர் சமஸ்தானங்களுக்கு வகுக்கப்பட்ட விகிதமே பின்னர் பொதுவாகப் பின்பற்றப்பட்டது. சமஸ்தானத்தின் சராசரி ஆண்டு வருவாயில் முதல் ஒரு லட்சத்துக்கு 15 சதவிகிதம், அடுத்த நான்கு லட்சத்துக்கு 10 சதவிகிதம், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டதற்கு ஏழரை சதவிகிதம், மொத்தம் ரூ. 10 லட்சத்தைத் தாண்டலாகாது. எடுத்துக்காட்டாக, ஆண்டு வருவாய் ரூ. 20 லட்சம் உள்ள சமஸ்தானத்தைக் கொள்வோம். முதல் லட்சத்துக்கு ரூ. 15,000, அடுத்த நான்கு லட்சத்துக்கு ரூ. 40,000, எஞ்சிய பதினைந்து லட்சத்துக்கு ரூ. 1,12,500; ஆக மானியம் ரூ. 1,67,500. வருவாய் பெருகப் பெருக மானியத்தின் விகிதம் குறைந்து செல்வதை இதில் காணலாம். ரூ. 10 லட்சம் என்ற உச்ச வரம்பை எட்ட ஆண்டு வருவாய் ரூ. 1.31 கோடி இருக்க வேண்டும்.

பெரிய சமஸ்தானங்கள் பதினொன்றுக்கு மட்டும் இவ்வரம்பு தளர்த்தப்பட்டது. ஹைதராபாத் நிஜாமுக்கு ரூ. 50 லட்சம், பரோடாவுக்கு ரூ. 26.5 லட்சம், மைசூருக்கு ரூ. 26 லட்சம், குவாலியருக்கு ரூ. 25 லட்சம், திருவிதாங்கூருக்கும் ஜெய்ப்பூருக்கும் தலா ரூ. 18 லட்சம் என்று முடிவாயிற்று. வரம்பை மீறிய தொகை அப்போதிருந்த மன்னரின் ஆயுட்காலத்துக்கு மட்டுமே. வாரிசுகளுக்கு அது குறைக்கப்படும். மறுகோடியில் சௌராஷ்டிரத்தைச் சேர்ந்த கட்டோடியாவின் தலைவருக்குக் கிடைத்த ஆண்டு மானியம் ரூ. 192, அதாவது மாதம் 16 ரூபாய். ‘மன்னர்’ என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு வேறுபாடு அடங்கியிருந்தது என்பதை இவ்விரு எண்களே விளக்கும்.

கொடுத்ததும் பெற்றதும்

அரசியலமைப்புச் சட்டத்தின் 291-ஆவது பிரிவு மானியத்தை இந்தியத் தொகுப்பு நிதியின் மீது சாட்டியது. அவ்வாறு சாட்டப்பட்ட செலவு நாடாளுமன்றத்தின் வாக்குக்கு விடப்படுவதில்லை. மானியத்துக்கு வருமான வரி விலக்கும் அளிக்கப்பட்டது. மன்னர்களின் தனிப்பட்ட உரிமைகளையும் சிறப்புகளையும் மத்திய, மாநில அரசுகள் மதித்து நடக்க வேண்டும் என்று 362-ஆவது பிரிவு கூறியது. மன்னர் என்று யாரை அழைப்பது என்பதை 366-ஆவது பிரிவின் 22-ஆவது உட்பிரிவு வரையறுத்தது. குடியரசுத் தலைவரின் அங்கீகாரம் பெற்றவரே மன்னர். சமஸ்தான உடன்படிக்கைகள் பற்றிய வழக்குகளை நீதிமன்றங்கள் விசாரிக்கலாகாது என்று 363-ஆவது பிரிவு தடுத்தது. இந்தக் கடைசி இரண்டு விதிகளும் பின்னாளில் பெரும் வழக்குக்குக் காரணமாயின.

அரசியல் நிர்ணய சபையிலேயே மானியத்துக்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. 1949 அக்டோபர் 12-ஆம் நாள் படேல் அதற்கு விரிவாக விடையளித்தார். மன்னர்கள் கைவிட்டதோடு ஒப்பிட்டால் மானியம் சிறு தொகையே என்பதும், நாடு அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது நாணயத்தைச் சார்ந்தது என்பதும் அவர் வாதத்தின் சாரம்.

அவ்வாதத்துக்குக் கணக்கின் ஆதரவும் இருந்தது. தொடக்கத்தில் மானியங்களின் மொத்தம் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 5.8 கோடி. சமஸ்தானங்களிடமிருந்து அரசுக்கு வந்த ரொக்க இருப்பும் முதலீடுகளும் மட்டும் ரூ. 77 கோடிக்கு மேல் என்று வி. பி. மேனன் தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். இதைத் தவிர ரயில் பாதைகள், கட்டடங்கள், காடுகள் ஆகியவையும் பொதுச் சொத்தாயின. வி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1950 ஏப்ரல் 1 முதல் நிதி ஒருங்கிணைப்பு நடைமுறைக்கு வந்தது. சமஸ்தானங்களின் ரயில்வே, சுங்கம், வருமான வரி, அஞ்சல், படைகள் ஆகியவை மத்திய அரசிடம் வந்தன. உள்நாட்டுச் சுங்கத் தடைகள் படிப்படியாக நீக்கப்பட்டன. நாடு முழுவதும் ஒரே சந்தையாகும் வழி இவ்வாறு பிறந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு இது இன்றியமையாத அடிப்படை எனலாம்.

எனினும் இவ்வாதம் ஒரு கேள்விக்கு விடை தரவில்லை. சமஸ்தானக் கருவூலத்தில் இருந்த பணம் யாருடையது? அது குடிகள் செலுத்திய வரி. குடிகளின் பணத்தைக் குடிகளிடமே ஒப்படைத்ததற்குத் தலைமுறை தலைமுறையாக ஈடு வழங்குவது எவ்வாறு பொருந்தும் என்று மறுதரப்பார் கேட்டனர். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று 14-ஆவது பிரிவு கூறுகிறது. அரசு பட்டங்கள் வழங்குவதை 18-ஆவது பிரிவு தடை செய்கிறது. அதே சட்டத்தில் பிறப்பால் வரும் சிறப்புக்கும் இடம் இருந்தது. இந்த முரண்பாடு தொடக்கத்திலிருந்தே உடன் வந்தது.

இருபது ஆண்டுகளில் மாறிய சூழ்நிலை

முதற் சில ஆண்டுகளில் மன்னர்கள் ஆட்சியமைப்பிலேயே ஓர் இடத்தைப் பெற்றிருந்தனர். ஒன்றியங்களில் முதன்மையான மன்னர் ‘ராஜப்பிரமுகர்’ என்ற பெயரில் ஆளுநருக்குரிய பணியை ஆற்றினார். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது அப்பதவி மறைந்தது. சிலர் பொது வாழ்வில் தங்களுக்கெனப் புதிய இடத்தைத் தேடிக்கொண்டனர். பவநகர் மகாராஜா கிருஷ்ணகுமாரசிங்ஜி 1948 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆளுநராகப் பணியாற்றினார். மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் மைசூர் மாநிலத்துக்கும் பின்னர் சென்னைக்கும் ஆளுநராக இருந்தார். பாட்டியாலா மகாராஜா தூதராகச் சென்றார்.

வேறு சிலர் தேர்தல் களத்தில் இறங்கினர். 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி சுதந்திரக் கட்சியின் சார்பில் மிகப் பெரிய வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் பழைய சமஸ்தானப் பகுதிகளில் மன்னர் குடும்பத்தாரின் செல்வாக்கு ஆளும் கட்சிக்கு எதிராகப் பல இடங்களில் செயல்பட்டது. மன்னர்கள் அரசியலில் ஈடுபடக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. ஆனால் அரசு நிதியிலிருந்து வரி விலக்குடன் வருவாய் பெறும் ஒருவர் சாதாரண வேட்பாளருடன் போட்டியிடுவது சமமான போட்டியாகுமா என்ற வினா எழுந்தது.

1967 ஜூன் மாதத்தில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி மானியத்தையும் சலுகைகளையும் ஒழிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. உள்துறை அமைச்சர் ஒய். பி. சவாண் மன்னர்களின் பிரதிநிதிகளுடன் பேச்சு நடத்தினார், உடன்பாடு ஏற்படவில்லை. இதற்குள் வாரிசு மாற்றங்களினால் மானியத்தின் மொத்தம் ஏறத்தாழ ரூ. 4.8 கோடியாகக் குறைந்திருந்தது. மத்திய அரசின் செலவில் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே சிக்கனம் இங்கு முதன்மையான காரணமாக இருந்திருக்க முடியாது. பணி எதுவும் செய்யாத நிலையில் பிறப்பினால் மட்டும் வரும் வருவாயும், சிவப்பு எண் பலகை பொருத்திய கார்களும், மத்திய அரசின் அனுமதியின்றி வழக்குத் தொடுக்க இயலாத காப்பும் குடியரசுக்குப் பொருந்துமா என்பதே உண்மையான பிரச்சினை.

வாக்கெடுப்பும் வழக்கும்

1970-ஆம் ஆண்டில் அரசு இதற்கான அரசியலமைப்புத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. செப்டம்பர் 2-ஆம் நாள் மக்களவை மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட ஆதரவுடன் அதை நிறைவேற்றியது. செப்டம்பர் 5-ஆம் நாள் மாநிலங்களவையில் ஆதரவாக 149 வாக்குகளும் எதிராக 75 வாக்குகளும் கிடைத்தன. வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. அதாவது ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பகுதி குறைந்ததனால் மசோதா தோல்வியுற்றது.

மறுநாளே குடியரசுத் தலைவர் மன்னர்கள் அனைவருக்கும் அளித்திருந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெறும் ஆணை வெளியாயிற்று. 366-ஆவது பிரிவின்கீழ் அங்கீகரிக்கும் அதிகாரம் இருக்குமானால் அங்கீகாரத்தை நீக்கும் அதிகாரமும் உண்டு என்பதும், இதை 363-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்பதும் அரசின் வாதம். திருத்தத்தினால் அடைய முடியாததை நிர்வாக ஆணையினால் அடையும் முயற்சியாக இது அமைந்தது.

குவாலியரின் மாதவராவ் சிந்தியாவும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா உள்ளிட்ட பதினொரு நீதிபதிகள் வழக்கை விசாரித்தனர். 1970 டிசம்பர் 15-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஆணை செல்லாது எனத் தீர்ப்பளித்தனர். நீதிபதிகள் மிட்டரும் ரேயும் மாறுபட்டனர். ஒரு மன்னரை அங்கீகரிக்கும் அதிகாரம், மன்னர் என்ற அமைப்பையே ஒரே ஆணையில் அழிக்கும் அதிகாரமாகாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். அரசியலமைப்பில் மானியத்துக்கு இடம் இருக்கும் வரை, அதே அரசியலமைப்பின் கீழ்ப்பட்ட நிர்வாகம் அதைப் பயனற்றதாக்க முடியாது. சர்தார் படேல் மறைந்து சரியாக இருபது ஆண்டுகள் நிறைந்த நாளில் இத்தீர்ப்பு வெளியானது.

மானியம் நியாயமானது என்று நீதிமன்றம் கூறவில்லை என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். அதை நீக்க வேண்டுமானால் அரசியலமைப்பைத் திருத்தும் வழியிலேயே நீக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் பயன்.

இருபத்தாறாவது திருத்தம்

டிசம்பர் 27-ஆம் நாள் மக்களவை கலைக்கப்பட்டது. 1971 மார்ச் மாதத்தில் நடந்த தேர்தலில் பிரதமர் இந்திரா காந்தி தலைமையிலான காங்கிரஸ் 352 இடங்களைப் பெற்றது. மானிய ஒழிப்பு தேர்தலில் மக்கள் முன் வைக்கப்பட்ட பிரச்சினைகளுள் ஒன்றாக இருந்தது. பின்னர் கொண்டுவரப்பட்ட இருபத்தாறாவது திருத்தம் தேவையான பெரும்பான்மையுடன் நிறைவேறி 1971 டிசம்பர் 28-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 291, 362 ஆகிய பிரிவுகள் நீக்கப்பட்டன. புதிதாகச் சேர்க்கப்பட்ட 363-ஏ பிரிவு மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிச் சட்டம் வரி விலக்கு முதலிய எஞ்சிய சலுகைகளை நீக்கியது.

இத்திருத்தமும் பின்னர் உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. 1993 பிப்ரவரி மாதத்தில், திருத்தம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1970-இல் ஆணை வீழ்ந்தது. 1971-இல் செய்த திருத்தம் நின்றது. நோக்கம் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு வழியில் இருந்தது.

மானியத்துக்குப் பின்

மானியம் நின்றதன் பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. பெரிய சமஸ்தானத்தார் பலருக்குச் சொந்தச் சொத்துகள் இருந்தன. மானிய ஒழிப்புக்கு முன்னரே சிலர் மாற்று வழிகளைத் தொடங்கியிருந்தனர்: ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனையும் உதயப்பூரின் ஏரி அரண்மனையும் விடுதிகளாகியிருந்தன. மானியத்தையே பெரிதும் நம்பியிருந்த குடும்பங்களுக்கும், அரண்மனைகளில் பரம்பரையாகப் பணியாற்றியவர்களுக்கும் மாற்றம் கடினமாக இருந்தது. சொத்து வரி, நில உச்சவரம்பு, குடும்ப வழக்குகள் ஆகியவை பல சொத்துகளைக் கரைத்தன. சில அரண்மனைகள் அருங்காட்சியகங்களாகவும் அலுவலகங்களாகவும் மாறின. புதுக்கோட்டை 1974 ஜனவரியில் தனி மாவட்டமானபோது அங்கிருந்த புதிய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று. மன்னர் வாழ்ந்த இடத்துக்குக் குடிமக்கள் இப்போது மனுவுடன் செல்கின்றனர். ஹைதராபாத் நிஜாமின் நகைகள் 173-ஐ மத்திய அரசு 1995-ஆம் ஆண்டில் ரூ. 218 கோடிக்கு வாங்கியது.

தனிப்பட்டவர்களுக்கான மானியம் நின்றாலும், ஒருங்கிணைப்பின்போது ஏற்ற பொதுப் பொறுப்புகள் அனைத்தும் நின்றுவிடவில்லை. திருவிதாங்கூர்ப் பகுதியின் கோயில்களுக்காக 290-ஏ பிரிவு வகுத்த ஏற்பாடு தொடர்ந்தது. அதன்படி ஆண்டுதோறும் கேரளத்தில் ரூ. 46.5 லட்சமும், 1956-இல் தமிழ்நாட்டுக்கு மாறிய பகுதியின் கோயில்களுக்காகத் தமிழ்நாட்டில் ரூ. 13.5 லட்சமும் தேவஸ்வ நிதிகளுக்கு ஒதுக்கப்பட்டன. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் பற்றிய வழக்கில் 2020 ஜூலை 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இத்தகைய வேறுபாட்டையே காட்டுகிறது. மன்னர் என்ற அரசியல் நிலை 1971-இல் முடிந்தது. கோயிலை நிர்வகிக்கும் அறங்காவல் உரிமை அக்குடும்பத்துக்குத் தொடர்கிறது என்று நீதிமன்றம் கூறியது.

பிற நாடுகளின் வழிகள்

விடுதலை பெற்ற நாடுகள் அனைத்தும் ஒரே வழியில் செல்லவில்லை. 1957-இல் விடுதலையடைந்த மலாயா தன் ஒன்பது மன்னர்களையும் அரசியலமைப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அவர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக் காலத்துக்கு நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆயினும் 1993-ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்கள் வழக்குகளிலிருந்து பெற்றிருந்த முழுப் பாதுகாப்பை நீக்கித் தனி நீதிமன்றம் அமைத்தது. உகாண்டாவில் புகாண்டா மன்னர் 1963-இல் நாட்டின் தலைவரானார். 1966-இல் படை பலத்தால் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு எல்லா முடியரசுகளும் ஒழிக்கப்பட்டன. 1993-இல் அவை அரசியல் அதிகாரமற்ற பண்பாட்டு அமைப்புகளாக மீட்கப்பட்டன. பாகிஸ்தான் 1972-இல் மானியங்களை ஒழித்தது.

இவற்றோடு ஒப்பிடும்போது இந்தியாவின் அனுபவத்தில் இரண்டு கூறுகள் தனித்து நிற்கின்றன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்சிகள் பெரும்பாலும் குருதி சிந்தாமல், மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே குடியரசில் கலந்தன. பின்னர் அதற்காகக் கொடுத்த உறுதிமொழி முடிவுக்கு வந்தபோது, அம்முடிவு நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தேர்தலிலும் சோதிக்கப்பட்ட பின்னரே நிலைபெற்றது.

மானியம் 1948-இல் தேவையாயிருந்ததா என்ற கேள்விக்கும், 1971-இல் அது தொடர்ந்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் ஒரே விடை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முன்னது, நாடு பிரிவினையின் துயரில் இருந்தபோது உள்நாட்டு அமைதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. பின்னது, அந்த அமைதி உறுதிப்பட்டபின் குடியரசு தன் கொள்கையோடு தன்னைப் பொருத்திக்கொண்ட முயற்சி. ஆனால் கொடுத்த வாக்கை மாற்றும்போது அரசுக்கு ஒரு கடமை உண்டு. வாக்கு எந்தப் பீடத்தில் நின்று கொடுக்கப்பட்டதோ அதே பீடத்தில் நின்றே, காரணம் கூறி, அதை மாற்ற வேண்டும். அரசியலமைப்பு கொடுத்ததை அரசியலமைப்பே திரும்பப் பெறலாம். நிர்வாகத்தின் ஓர் ஆணை அதைச் செய்ய முடியாது. இழப்பீடு, ஒப்பந்தம், ஓய்வூதியம் போன்ற எளிய கோப்புகளைக் கையாளும் அலுவலருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.